பேர் போடாம ஒரு மெயில் அனுப்பணுமா?



செகண்ட் இயர்ல நானும் என் ரூம்மேட்டும் ஒரு வீரச்செயல் பண்ணினோம். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரில் மூன்று வாரத்தில் இரண்டு தடவை புழு. நேரில் போய்ச் சொன்னவர்களுக்குக் கிடைத்தது அட்வைஸ் மட்டும்தான். சரி, பேர் போடாமல் மெயில் அனுப்புவோம்னு முடிவு பண்ணினோம். புது ஜிமெயில் ஐடி, பொய்ப் பேர், இரண்டு பக்கத்துக்கு ஒரு வேர்ட் ஃபைல். ராத்திரி பதினோரு மணிக்கு 'சென்ட்' அமுக்கிட்டு நிம்மதியா தூங்கினோம்.

மூன்றாம் நாள் ரூம்மேட்டை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார்கள். நாங்கள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எப்படி?

காட்டிக்கொடுத்தது அந்த வேர்ட் ஃபைல். அதோட ப்ராபர்ட்டீஸைத் திறந்தால், 'ஆத்தர்' என்ற இடத்தில் அவன் பேர், இனிஷியலோடு! லேப்டாப் வாங்கின அன்று ஆபீஸ் இன்ஸ்டால் பண்ணும்போது அவனே கொடுத்த பேர். அவன் அப்பா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இதில் ஒரு விஷயம்: அந்த ஃபைலை டைப் பண்ணினது நான். லேப்டாப் மட்டும்தான் அவனுடையது. அவன் கடைசி வரை என் பேரைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் இந்த விஷயத்தை நான் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் உங்களுக்கு உதவுவது மட்டும் இங்கே.

மொய்க் கவரும் உண்டியலும்

ப்ரைவசி, அனானிமிட்டி இரண்டையும் நாம ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். கல்யாண வீட்டு மொய்க் கவரில் பேர் இருக்கும். உள்ளே எவ்வளவுன்னு வெளியே தெரியாது. அது ப்ரைவசி. கோயில் உண்டியலில் ஐந்நூறு ரூபாய் நோட்டு கிடக்கும். போட்டது யாருன்னு தெரியாது. அது அனானிமிட்டி.

உண்டியலில் ஏன் தெரிவதில்லை? அன்றைக்கு ஆயிரம் பேர் வந்து போயிருப்பார்கள். கோயிலுக்கு நீங்கள் ஒருத்தர் மட்டும் வந்திருந்தால்? ஒளிந்துகொள்ள உங்களுக்கு இருக்கும் இந்தக் கூட்டத்துக்கு 'அனானிமிட்டி செட்' என்று பேர். 'இதைச் செய்தது இவர்களில் ஒருவராக இருக்கலாம்' என்ற பட்டியல் எவ்வளவு நீளமோ, அவ்வளவுதான் உங்கள் பாதுகாப்பு. பொய்ப் பேரில் ஐடி திறப்பதால் அந்தப் பட்டியல் நீளாது. எங்கள் வேர்ட் ஃபைலின் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு பேர்.

மாட்டின கதைகள்

2013 டிசம்பர், ஹார்வர்ட் பல்கலைக்கழகம். எக்ஸாம் எழுத பயந்து ஒரு மாணவர் வெடிகுண்டு மிரட்டல் மெயில் அனுப்பினார். தற்காலிக மெயில் தரும் கெரில்லா மெயில், அதற்கு மேல் ஐபி முகவரியை மறைக்கும் டார். டெக்னிக்கலா பார்த்தா சரியான செட்டப். ஆனால் டாரில் நுழைந்தது கேம்பஸ் வைஃபை வழியாக. டாருக்குள் என்ன செய்தார் என்பது நெட்வொர்க்குக்குத் தெரியாது. டாரைத் திறந்தார் என்பது தெரியும். மெயில் வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் டார் பயன்படுத்தியது யாருன்னு பார்த்தார்கள். எஃப்பிஐ போய்க் கேட்டதும் அவர் ஒத்துக்கொண்டார்.

2012. சிஐஏ இயக்குநர் டேவிட் பெட்ரேயஸ் பதவி விலகக் காரணமான விசாரணை, பேர் இல்லாமல் வந்த சில மெயில்களில்தான் தொடங்கியது. அனுப்பியவர் ஹோட்டல் வைஃபைகளில் இருந்து லாகின் செய்திருந்தார். ஒரு ஹோட்டல்னா நூறு பேர்ல ஒருத்தர். ஆனால் பல ஹோட்டல்களின் விருந்தினர் பட்டியலை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தது எஃப்பிஐ. பள்ளியில் படித்த வெட்டுக் கணம்தான்! ஒவ்வொரு பட்டியலாகச் சேரச் சேரக் கூட்டம் சுருங்கியது.

2021. ஸ்விட்சர்லாந்தின் புரோட்டான் மெயில், ப்ரைவசிக்குப் பேர் போன நிறுவனம். பிரான்ஸ் போலீஸ் கேட்டு, சுவிஸ் சட்டப்படி உத்தரவு வந்ததும், ஒரு காலநிலைப் போராட்டக்காரரின் ஐபி முகவரியைப் பதிவு செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. மெயிலுக்குள் இருந்தது என்க்ரிப்ட் ஆனது. அதைக் கொடுக்க அவர்களாலேயே முடியாது. மொய்க் கவர் பிரியவில்லை, ஆனால் கவர் மேல் இருந்த விவரம் போய்விட்டது.

யாரிடமிருந்து மறைக்கணும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்த ஆப்பையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க. ஒவ்வொரு பதிலுக்கும் வழி வேறு.

1. விளம்பரக் கம்பெனிகளிடமிருந்து: இது எல்லாருக்கும் தேவை, சுலபமும்கூட. ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, சிம்பிள்லாகின், ஆப்பிளின் 'ஹைட் மை ஈமெயில்' மாதிரி சேவைகள் ஒரு மாற்று முகவரி தரும். அங்கே வரும் மெயில் உங்கள் உண்மையான இன்பாக்ஸுக்கு வந்துவிடும். தொல்லை அதிகமானால் அந்த முகவரியை மட்டும் நிறுத்திடலாம். ஜிமெயிலில் பேருக்குப் பின்னால் பிளஸ் குறி போட்டு ஒரு வார்த்தை சேர்க்கும் வழியில், உங்கள் ஐடியை யார் வெளியே விட்டார்கள் என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் உண்மையான ஐடி அதிலேயே தெரியும். செட்டிங்ஸில் வெளிப் படங்களைக் கேட்டுவிட்டுக் காட்டும்படி மாற்றிவிடுங்கள். மெயிலில் ஒளிந்திருக்கும் ஒரு பிக்சல் படம், நீங்கள் திறந்ததை அனுப்பியவருக்குச் சொல்லிவிடும்.

2. மெயிலைப் படிக்கப்போகும் ஆளிடமிருந்து: எங்கள் கேஸ் இதுதான். காலேஜ் வைஃபை, காலேஜ் கம்ப்யூட்டர் இரண்டும் வேண்டாம். இன்காக்னிட்டோவை நம்பாதீங்க, அது உங்கள் பிரவுசரில் ஹிஸ்டரியைச் சேமிக்காது, அவ்வளவுதான். நெட்வொர்க் கண்ணை மறைக்காது. அட்டாச்மென்ட் வைக்காமல் மெயிலிலேயே டைப் பண்ணுங்க. ஃபைல் வைத்தே ஆகணும்னா வேர்டில் 'இன்ஸ்பெக்ட் டாகுமென்ட்' ஓட்டிவிட்டு அனுப்புங்க. போட்டோவுக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கலாம். டிரைவ் லிங்க் கொடுத்தால் ஓனர் பேர் தெரியும். முக்கியமாக, உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்தை எழுதினால் எந்த டெக்னாலஜியும் காப்பாற்றாது.

3. மெயில் கம்பெனியிடமிருந்தும் அரசாங்கத்திடமிருந்தும்: இது நிஜமாகவே கஷ்டம். ரெகவரிக்குக் கொடுக்கும் போன் நம்பர் உங்கள் கேஒய்சியோடு கட்டப்பட்டது. டூட்டா மாதிரி சேவைகளில் போன் நம்பர் இல்லாமலே அக்கவுண்ட் திறக்கலாம். ஆனால் திறக்கும்போதும் சரி, பின்னால் ஒவ்வொரு லாகினிலும் சரி, டார் வழியாகவே போக வேண்டும். ஒரே ஒரு நாள் மறந்து வீட்டு நெட்டில் திறந்தால் போச்சு. "விபிஎன் இருக்கே?" என்பீர்கள். காலேஜ் மேல் வைத்த நம்பிக்கையை விபிஎன் கம்பெனி மேல் மாற்றி வைக்கிறோம், அவ்வளவுதான். வாடிக்கையாளர் விவரங்களை விபிஎன் நிறுவனங்கள் 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் சிஇஆர்டி-இன் உத்தரவு போட்டது. அதற்காகவே சில நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின.

ராகிங் மாதிரி சீரியஸான விஷயம்னா ஐடி திறந்து நேரத்தைப் போக்காதீங்க. யுஜிசி ஹெல்ப்லைன் 1800-180-5522க்குக் கூப்பிடுங்க. இன்னொன்று: ஒளிந்து நின்று ஒருத்தரை அசிங்கப்படுத்தத்தான் இதெல்லாம் வேணும்னா, இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை.

சாம்பார் என்ன ஆச்சு?

அடுத்த செமஸ்டரும் புழு வந்தது. இந்தத் தடவை மெயில் இல்லை. ஒரு வெள்ளைத்தாள், கீழே ஹாஸ்டலில் அறுபத்திரண்டு பேர் கையெழுத்து. வட்டமாகக் கையெழுத்துப் போட்டோம், முதலில் போட்டது யாருன்னு தெரியக்கூடாது என்பதற்காக. எல்லார் பேரும் இருந்தது. ஆனால் தனியாகக் கூப்பிட ஒருத்தர் பேர் கிடைக்கவில்லை. காய்கறி வாங்கும் இடத்தை மாற்றினார்கள். சாம்பாரில் புழு இல்லை, ருசியும் இல்லை.

அன்றைக்கு முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். ரூம்மேட்டுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

ப்ளேஸ்மென்ட்டுக்கு ரெடி பண்ணி வைத்திருக்கிற உங்கள் ரெஸ்யூமேயை ஒரு தடவை திறந்து, ப்ராபர்ட்டீஸில் யார் பேர் இருக்குன்னு பாருங்க. சீனியர்கிட்ட வாங்கின டெம்ப்ளேட்டா இருந்தா, கட்டாயம் பாருங்க!