கொடுத்தும் கொண்டும்

ஜெர்மனியைச் சேர்ந்த கிளாஸ் டாய்பர் உருவாக்கிய 'கட்டான்' பலகை விளையாட்டு 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. மரம், செங்கல், கம்பளி, தானியம், தாது ஆகிய ஐவகை வளங்களும் இதில் சீட்டுகளாக அமைகின்றன. சாலை அமைக்க மரமும் செங்கலும் வேண்டும். குடியிருப்புக்கு அவற்றோடு கம்பளியும் தானியமும் வேண்டும். அனைத்தும் ஒருவருக்கே கிட்டுவது அரிது. ஆதலால் பண்டமாற்று இன்றியமையாததாகிறது.

ஆட்டமுறைக்கு உரியவரோடு மட்டுமே பிறர் சீட்டுகளை மாற்றிக்கொள்ளலாம். சீட்டை இலவசமாக அளித்தல் கூடாது. உடன்படுவார் இல்லையெனில், அவர் ஒரேவகைச் சீட்டுகள் நான்கினை வங்கிக்குக் கொடுத்து, வேண்டிய ஒன்றைப் பெறலாம். மிகுதியாகச் சேர்த்து வைத்தலும் தீங்கே: பகடைகளின் கூட்டுத்தொகை 7 எனில், ஏழுக்கு மேற்பட்ட சீட்டுகளை வைத்திருப்போர் பாதியை இழப்பர்.

முதலில் 10 புள்ளிகள் பெறுபவரே வெல்வார். கொடுக்கும் செங்கல் எதிராளியை வெற்றிக்கு அருகில் கொண்டுசெல்லலாம். கொடாதவர்க்கோ கொள்ளும் வழியும் குறையும். இவ்விரண்டையும் சீர்தூக்குவதே இவ்விளையாட்டின் நுட்பம்.