மலை ஏறும் ஜீப்

விதுராவிலிருந்து போனக்காட்டுக்கு ஜீப் போகிறது. காட்டுச் சாலை, நல்ல ஏற்றம். வண்டி மெதுவாகத்தான் ஏறும். எஞ்சினுக்கோ ஓயாத வேலை.

எஞ்சினுக்குள் சிலிண்டர் உண்டு. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். இரண்டுக்கும் நடுவே முடி அளவு இடைவெளிதான். அதில் ஆயில் படிந்திருக்கும்.

ரேடியேட்டரில் தண்ணீர் வற்றினால் என்ன ஆகும்? பிஸ்டன் அலுமினியம். சிலிண்டர் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய 2 மடங்கு விரியும். இடைவெளி போய்விடும். பிஸ்டன் உரசும், கீறும், இறுகி நின்றுவிடும். ஆயில் குறைந்தாலும் இதே கதிதான். பிறகு இறங்கி நடக்க வேண்டியதுதான்!

எஞ்சின் சூடானால் வண்டியை நிறுத்துங்கள். ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். பச்சைத் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். எஞ்சினில் விரிசல் விழலாம்.

ஏர் பில்டர் கிழிந்தால் தூசி புகும். உப்புத்தாள் போல் சிலிண்டரைத் தேய்க்கும். தேய்ந்த எஞ்சின் ஆயிலையும் சேர்த்து எரிக்கும். அப்போது புகை நீலமாக வரும்.