ஒரு சொல்லும் இரு மனங்களும்

நுழையும்முன்

ஒருவர் மனத்தில் உள்ள கருத்தை மற்றவர் மனத்திற்குக் கொண்டு சேர்ப்பது சொல். விளக்கமாகப் பேச வாய்ப்பிருந்தும் கருத்து தவறிப்போவதுண்டு. ஒரே ஒரு சொல்லை மட்டும் பேசலாம் என்று கட்டுப்பாடு விதித்தால் என்னவாகும்? இவ்வினாவிலிருந்து உருவான ஒரு தொலைக்காட்சி விளையாட்டு, மொழியின் இயல்பைப் பற்றி நமக்குக் கற்பிப்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஐயத்திற்குப் பின் வந்த ஆட்டம்

1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வினாடி வினா நிகழ்ச்சிகள் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தன. வெற்றி பெற்றோர்க்குப் பெருந்தொகை பரிசாகக் கிடைத்தது. அவற்றுள் சில முன்கூட்டியே திட்டமிடப்பட்டவை என்பது பின்னர் வெளிப்பட்டது. ‘ட்வென்டி ஒன்’ என்னும் நிகழ்ச்சியில் புகழ்பெற்ற சார்லஸ் வான் டோரன், தமக்கு விடைகள் முன்னரே தரப்பட்டதை 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின்முன் ஒப்புக்கொண்டார். 1960இல் இத்தகைய ஏமாற்றைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது.

இச்சூழலில், 1961 அக்டோபர் 2ஆம் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘பாஸ்வேர்டு’ என்னும் நிகழ்ச்சி தொடங்கியது. ‘கடவுச்சொல்’ என்பது இப்பெயரின் பொருள். பாப் ஸ்டூவர்ட் என்பவர் உருவாக்கிய இதனைக் குட்சன் - டாட்மன் நிறுவனம் தயாரித்தது. ஆலன் லட்டன் தொகுத்து வழங்கினார். இங்கே பரிசுத்தொகை சிறியது. சொல்லைத் தேடும் முயற்சியே பெரியது.

ஆட்டத்தின் அமைப்பு

இரண்டு அணிகள், ஒவ்வோர் அணியிலும் புகழ்பெற்ற கலைஞர் ஒருவரும் பொதுமக்களுள் ஒருவரும் இணைந்திருப்பர். அணிக்கு ஒருவரிடம் மட்டும் மறைசொல் காட்டப்படும். அவர் தம் இணைவருக்கு ஒரே ஒரு சொல்லைக் குறிப்பாகத் தரவேண்டும். இணைவர் விடை கூறத் தவறினால், வாய்ப்பு எதிரணிக்குச் செல்லும். முதற்குறிப்பிலேயே கண்டறிந்தால் 10 புள்ளிகள். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு புள்ளி குறையும். முதலில் 25 புள்ளிகளை எட்டும் அணி வெற்றி பெறும். வென்ற அணி அடுத்து 60 நொடிகளில் 5 சொற்களைக் கண்டறிய முயலும். சொல்லுக்கு 50 டாலர் வீதம், அதில் பெறக்கூடிய மொத்தப் பரிசு 250 டாலர்.

மறைசொல் பார்வையாளர்களுக்கும் காட்டப்பட்டது. விடையை அறிந்தவர்களாக அமர்ந்து, விடையை அறியாதவரின் தடுமாற்றத்தை அவர்கள் கண்டனர். இந்நிகழ்ச்சியின் சுவை இவ்விடத்தில்தான் பிறந்தது.

பூவும் மாலையும்

இவ்வாட்டத்தைத் தமிழில் ஆடுவதாகக் கொள்வோம். மறைசொல் ‘பூ’. குறிப்புத் தருபவர் ‘மாலை’ என்கிறார். இணைவர் தயங்காமல் ‘அந்தி’ என்று விடையளிக்கிறார். ‘மாலை’ பல பொருள் குறித்த ஒரு சொல். பூவை மனத்தில் வைத்திருப்பவருக்கு அச்சொல் தொடுக்கப்பட்ட மலர்களை மட்டுமே காட்டுகிறது. பொழுதைக் குறிக்கும் பொருள் அவர் நினைவுக்கே வருவதில்லை. கேட்பவருக்கோ அத்தகைய துணை எதுவுமில்லை.

இப்போது வாய்ப்பு எதிரணிக்குச் செல்கிறது. அவ்வணியினர் ‘நார்’ என்று குறிப்புத் தருகின்றனர். முதலில் கூறப்பட்ட ‘மாலை’யையும் கேட்டிருந்த இணைவர் இரண்டையும் சேர்த்து எண்ணி, ‘பூ’ என்கிறார். பொருள் பலவாய் நின்ற ஒரு சொல், அருகில் மற்றொரு சொல் வந்தவுடன் ஒரு பொருளில் நிலைபெறுகிறது. தொடர் செய்யும் பணியை இங்கு இரு தனிச்சொற்கள் செய்துள்ளன.

மேலும், நாரையும் பூவையும் இணைத்துப் பேசும் பழமொழி நம்மிடம் உண்டு. அதனை அறிந்தவருக்கு ‘நார்’ நல்ல குறிப்பு. அறியாதவர் ‘கயிறு’ என்றே கூறக்கூடும். எனவே, குறிப்பின் ஆற்றல் சொல்லில் மட்டும் இல்லை; பேசுபவரும் கேட்பவரும் பகிர்ந்துகொண்டுள்ள வாழ்விலும் இருக்கிறது.

அறிவின் சாபம்

விடையை அறிந்தவருக்கு அது மிக எளிதாகத் தோன்றுவது ஏன்? 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை நடத்தினார். ஒருவர், நன்கறிந்த பாடல் ஒன்றின் தாளத்தை மேசைமேல் தட்டவேண்டும். மற்றவர் அது எந்தப் பாடல் என்று கூறவேண்டும். பாதிப் பாடல்களேனும் கண்டறியப்படும் எனத் தட்டியவர்கள் எதிர்பார்த்தனர். ஆனால், 120 பாடல்களில் 3 மட்டுமே கண்டறியப்பட்டன. தட்டியவர்களின் மனத்தில் பாடல் முழுவதும் ஒலித்தது. கேட்டவர்களை எட்டியது வெறும் தட்டொலியே.

ஒன்றை அறிந்தபின், அதனை அறியாதவரின் நிலையை எண்ணிப்பார்ப்பது கடினமாகிறது. 1989இல் பொருளியல் அறிஞர்கள் இதற்கு ‘அறிவின் சாபம்’ எனப் பெயரிட்டனர். பாஸ்வேர்டு ஆட்டத்தில் குறிப்புத் தருபவர் ஒவ்வொரு முறையும் போராடுவது இச்சாபத்துடன்தான்.

புகழ் உதவாத இடம்

எழுதித் தரப்பட்ட உரையாடலைத் திறம்படப் பேசும் நடிகர்க்கு இவ்வரங்கில் எழுதப்பட்ட உரை எதுவும் இல்லை. அவருடைய புகழும் குறிப்பைத் தெளிவாக்குவதில்லை. சற்றுமுன் அறிமுகமான ஒருவரின் நினைவில் எச்சொல் எதனை எழுப்பும் என்பதை அவர் சில நொடிகளில் உணரவேண்டும். திரையில் உயரத்தில் தெரிந்தவரும் வீட்டிலிருந்து வந்தவரும் ஒரு சொல்லின்முன் சமநிலையில் அமர்ந்தனர். அரிய சொற்களை அறிந்தவரைவிட, எதிரில் இருப்பவரை அறிந்தவரே அங்கு வென்றார்.

பட்டியலிலிருந்து பொதுமைக்கு

இதே பாப் ஸ்டூவர்ட் உருவாக்கிய மற்றொரு நிகழ்ச்சி ‘பிரமிடு’. 1973இல் தொடங்கிய இதனை டிக் கிளார்க் வழங்கினார். இதன் இறுதிச் சுற்றில் ஒருவர் பொருள்களைப் பட்டியலிடுவார்; மற்றவர் அவற்றுக்குரிய பொதுப்பெயரைக் கூறவேண்டும். 60 நொடிகளில் 6 பொதுப்பெயர்களைக் கண்டறிய வேண்டும்.

சான்றாக, ‘மெழுகு’ என்ற ஒன்றை மட்டும் கேட்பவர் ‘ஒளி தருபவை’ எனலாம். ‘வெண்ணெய்’ என்றதும் அவ்விடை விலகுகிறது. ‘பனிக்கட்டி’ என்றதும் ‘உருகுபவை’ என்பது தெளிவாகிறது. ஒவ்வொரு சொல்லும் ஒரு தவறான வழியை அடைத்து, மனத்தைச் சரியான வழியில் செலுத்துகிறது. நல்ல எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் கலையும் இதுவே.

வாழ்வில் இவ்வாட்டம்

மருந்து உண்ணும் முறையை விளக்கும் மருத்துவர், புதிய பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர், படிவத்தை நிரப்பச் சொல்லும் அலுவலர் ஆகிய அனைவரும் விடையை அறிந்தவர்கள். “தெளிவாகத்தானே சொன்னேன்” என்று அவர்கள் எண்ணுவது இயல்பு. ஆயினும், தெளிவு என்பது சொன்னவர் வழங்கும் சான்றிதழ் அன்று. கேட்டவர் தரும் விடையே அதற்குச் சான்று. விளையாட்டில் தவறிய குறிப்பு ஒரு புள்ளியைக் குறைக்கும். மருந்தில் தவறிய குறிப்பு ஓர் உயிரையே வருத்தும். ஆகவே, சொல்லைத் தேர்வதற்கு முன் கேட்பவரின் இடத்தில் ஒருகணம் நின்று பார்ப்பது மொழித்திறனின் தலையாய கூறாகும்.

தெரியுமா?

பாஸ்வேர்டு நிகழ்ச்சியில் 1961இல் சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்ட நடிகை பெட்டி ஒயிட், 1963இல் அதன் தொகுப்பாளர் ஆலன் லட்டனை மணந்தார். விளையாட்டு நிகழ்ச்சித் தொகுப்பாளருக்கான பகல்நேர எம்மி விருதை 1983இல் பெற்று, அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணி என்ற சிறப்பை அடைந்தார்.

கற்பவை கற்றபின்

1. திங்கள், ஆறு, மதி, கலை ஆகிய சொற்கள் உணர்த்தும் பல்வேறு பொருள்களை எழுதுக. அவற்றுள் ஒன்றைக் குறிப்பாகத் தந்தால் எழக்கூடிய தவறான விடைகளைக் கூறுக.
2. வகுப்பில் இருவர் இருவராக இணைந்து ஒற்றைச்சொல் குறிப்பு விளையாட்டை ஆடுக. தவறிய குறிப்புகளைத் தொகுத்து, அவை தவறியதற்கான காரணங்களைக் கலந்துரையாடுக.
3. உங்கள் வீட்டில் உள்ள மருந்து உறை ஒன்றின் பயன்பாட்டுக் குறிப்பை, முதன்முறை படிப்பவருக்கும் விளங்கும்வகையில் மாற்றி எழுதுக.