கையெழுத்துக்கு முன்னால் வாசித்துக் காட்டு

வேலூர்

அன்புள்ள கண்ணுக்கு,

பெரியப்பா எழுதுவது.   

கீழ்வீட்டு அக்காவுக்கு நீ எழுதிக் கொடுத்த லீஸ் அக்ரிமென்ட்டை அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "பாப்பா எழுதினது, பாருண்ணா" என்று பெருமையாகப் போட்டிருந்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. படித்து முடித்தபோது வயிற்றைக் கலக்கிவிட்டது. மீதிப் பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம் என்று அந்த அக்காவிடம் சொல்லச் சொல்லி உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். மற்றதை உன்னிடம் போனில் சொன்னால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

மூன்றாம் பத்தியில் காலம் 11 மாதம் என்று இருக்கிறது. ஒன்பதாம் பத்தியில், மூன்று வருஷத்துக்குள் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று இருக்கிறது. இரண்டில் எது? வாடகையே இல்லாத லீஸ் இது. ஐந்தாம் பத்தியிலோ மாதாமாதம் 5ஆம் தேதிக்குள் வாடகை தர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். தகராறு வந்தால் டெல்லி கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும் என்று கடைசிப் பத்தி சொல்கிறது. ஷெட்யூலில் கதவு எண்ணும் 'ஸ்ரீராம்புரம், பெங்களூரு' என்பதும் மட்டும்தான். நம் தெருவில் ஒரே நம்பரில் கீழே இரண்டு, மாடியில் இரண்டு, அதற்கு மேல் ஷீட் போட்டது ஒன்று என்று போர்ஷன்கள் இருப்பது உனக்குத் தெரியாததா? எந்த மாடி, எந்தப் பக்கம், எத்தனை சதுர அடி, நாலு எல்லை எவை என்று இல்லாவிட்டால், அந்த அக்கா எந்த வீட்டுக்குப் பணம் கொடுத்தாள் என்று நாளைக்கு யார் சொல்வது? அது அவள் வருஷக்கணக்கில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

எங்கிருந்தோ இறக்கின வாடகை ஃபார்மட்டில் பெயரையும் தொகையையும் மாற்றிக் கொடுத்திருக்கிறாய். அடுத்தவள் அளவுக்குத் தைத்த ஜாக்கெட் அது. மடித்து வைத்திருக்கும்போது குறை தெரியாது.

பெங்களூரில் நாம் லீஸ் என்று சொல்கிற ஏற்பாடு, மொத்தப் பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுப்பது. பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. சட்டத்தின் கண்ணில் இது பெரும்பாலும் போக்கிய அடமானம். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் இருக்கிறது. அடுத்த பிரிவையும் சேர்த்துப் படி. நூறு ரூபாயோ அதற்கு மேலோ என்றால், இப்படிப்பட்ட அடமானத்துக்குப் பதிவு செய்த பத்திரமும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். இதையே குத்தகை என்று எழுதினாலும், ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பதிவு கட்டாயம். ஊரெல்லாம் 11 மாத அக்ரிமென்ட் போடுவது அதனால்தான். ஆக, எந்தப் பெயர் வைத்தாலும் மூன்று வருஷ லீஸைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும். முத்திரைக் கட்டணம் குறைந்தால், கர்நாடக முத்திரைச் சட்டம் 34ஆம் பிரிவுப்படி குறைந்த தொகையையும் அதில் பத்து மடங்கு அபராதத்தையும் கட்டினால்தான் அந்தத் தாளைக் கோர்ட் சாட்சியமாக எடுக்கும்.

தாத்தாவின் லீஸ் வீட்டைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆயா அழுவாள் என்று விட்டது, அப்படியே பழக்கமாகிவிட்டது. உனக்கு அதைச் சொல்ல வேண்டிய நேரம் இது. மில்லில் கணக்கு முடித்துக் கொடுத்த பணம் முழுவதையும் அவர் அந்த வீட்டில்தான் போட்டார். பத்திரம் எழுதிக் கொடுத்த ஆள் பெயர் வேண்டாம், போய்ச் சேர்ந்துவிட்டார். பழைய பத்திரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டைப் அடித்தார். எல்லைகள் பக்கத்துத் தெரு வீட்டினுடையவை. பணம் கைமாறிய தேதிக்கு இடம் விட்டிருந்தார், அதை யாரும் நிரப்பவில்லை. வீட்டுக்காரர் மூலப் பத்திரத்தின் ஜெராக்ஸைத்தான் காட்டினார். மூலம் பேங்கில் கடனுக்கு இருந்தது. பேங்க் அந்த வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது தாத்தாவின் கையில் இருந்தது பதிவில்லாத ஒரு தாள். பணத்துக்காவது வழக்குப் போடலாம் என்றால், "அடுத்த மாசம் தந்துடறேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லியே மூன்று வருஷக் காலவரையறை ஓடிப்போயிருந்தது. அந்த மூன்று வருஷத்துக்குள் 'இவ்வளவு பாக்கி' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், காலம் அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கும். அதைச் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

என் நெஞ்சை இன்றுவரை அறுப்பது வேறொன்று. தாத்தாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். பத்திரம் இங்கிலீஷில் இருந்தது. காட்டின இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன்னால் யாரும் அதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. வாசித்திருந்தால், எல்லை சொல்லும் இடத்திலேயே "இது நம்ம தெரு இல்லையே" என்று நிறுத்தியிருப்பார். ஷிப்டுக்கு நடந்தே போய் வந்தவர், ஒகலிபுரத்திலிருந்து ஸ்ரீராம்புரம் வரை ஒவ்வொரு சந்தும் அவருக்கு அத்துப்படி. ஐந்து நிமிஷம் வாசிக்க ஆள் இல்லாமல் ஒரு மனுஷனின் ஆயுள் உழைப்பு போயிற்று.

நீ படிக்கிற சட்ட டிப்ளமோவில் மினர்வா மில்ஸ் தீர்ப்பு கட்டாயம் வரும். 1980 ஜூலை 31. அரசியல் சட்டத்தைத் திருத்த பார்லிமென்டுக்கு உள்ள அதிகாரத்துக்கும் வரம்பு உண்டு என்று சொல்லி, 42ஆம் திருத்தத்தின் இரண்டு பிரிவுகளைச் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்று ஆக்கிய வழக்கு. அந்த மில் நம் பக்கத்து மில். பல்கிவாலா வாதாடிய வழக்கு என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். அதே வட்டாரத்தில் தறியில் நின்ற குடும்பங்கள் லீஸ், சீட்டு, கைமாற்று என்று சின்னச் சின்னத் தாள்களில் சேமிப்பைத் தொலைத்தன. அவர்களுக்கு பல்கிவாலா வேண்டியிருக்கவில்லை. தேதியும் எல்லையும் சரியாகப் போட்டு, வாசித்துக் காட்டுகிற ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்திருந்தால் போதும். நான் அந்த வேலைக்குப் போனதற்குக் காரணம் தாத்தாவின் அந்தத் தாள்தான்.

எழுதக் கற்றுக்கொள்வது எப்படி என்று போன தீபாவளிக்குக் கேட்டாய். வீடு நிறைய ஆள் இருந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

எடுத்ததும் எழுத உட்காராதே. கேள். கட்சிக்காரர் பேசும்போது இடது பக்கம் தேதி, வலது பக்கம் நடந்தது என்று குறித்துக்கொள். பிறகு தேதி வரிசையில் மாற்றி எழுது. எந்தத் தேதிக்கு ஆதாரத் தாள் இல்லையோ அங்கே ஒரு கேள்விக்குறி போடு. எதிர்க்கட்சி வக்கீல் குறுக்கு விசாரணையில் அங்கேதான் கை வைப்பார். செக் திரும்பிய வழக்கில் தேதிப் பட்டியல் இல்லாமல் ஒரு அடி வைக்க முடியாது. பேங்க் தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள், அது தாண்டினால் ஒரு மாதத்துக்குள் புகார். எந்த ஃபார்மட்டும் உனக்காக நாள் எண்ணாது.

அடுத்தது, சிவில் நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குப் பின்னால் 'ஏ' பிற்சேர்க்கை என்று இருக்கிறது. அதில் உள்ள பிளெய்ன்ட், அதாவது வழக்குரை, மாதிரிகளில் முதலாவது, கடன் கொடுத்த பணத்துக்கானது. மிகச் சின்னது. அதைக் கையால் எழுதிப் பழகு. ஆறாம் ஆர்டர் இரண்டாம் ரூல் அதற்குத்தான்: நடந்ததைச் சுருக்கமாகச் சொல், சாட்சியத்தை அதில் கொட்டாதே, தேதியையும் தொகையையும் எண்ணிலும் எழுத்திலும் போடு. எதிர்வாதம் எழுதினால் எட்டாம் ஆர்டர் ஐந்தாம் ரூலை மறக்காதே. குறிப்பாக மறுக்காமல் விட்ட சங்கதியை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். இவையெல்லாம் கை பழகிய பிறகு மோகாவின் பிளீடிங்ஸ் புத்தகத்தைத் திற.

வக்கீல் ஆபீஸில் முடிந்துபோன வழக்குக் கட்டுகள் கிடக்கும். ஒன்றை எடுத்து பிளெய்ன்ட், எதிர்வாதம், தீர்ப்பு மூன்றையும் சேர்த்து வைத்துப் படி. ஜட்ஜ் எந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டார், எதைத் தொடவே இல்லை என்று பென்சிலால் கோடு போடு. பக்கம் பக்கமாக எழுதின ஆவேசம் தீர்ப்பில் ஒரு வரி வந்திருக்காது. தேதி போட்ட ஒரு ரசீது தீர்ப்பையே தாங்கியிருக்கும். ஃபைலிங் கவுன்ட்டரில் ஆபீஸ் அப்ஜெக்‌ஷன் போட்டுத் திருப்பினால் வெட்கப்படாதே. வெரிஃபிகேஷனில் தேதி இல்லை, கோர்ட் ஃபீஸ் குறைவு, வக்காலத்தில் கையெழுத்து விட்டிருக்கிறது என்று என்ன சொன்னாலும் நோட்டில் எழுதி வை. அந்த நோட்டுதான் உன் பாடப்புத்தகம்.

சொத்து சம்பந்தமாக எது எழுதினாலும் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார். ஜெராக்ஸைக் காட்டினால் மூலம் எங்கே என்று கேள். பதிவுத் துறையின் காவேரி தளத்தில் ஈ.சி., அதாவது வில்லங்கச் சான்றிதழ், எடு. மாநகராட்சிச் சொத்துப் பதிவான காத்தா யார் பேரில் இருக்கிறது என்று பார். பிறகு அந்த வாசலில் போய் நின்று கிழக்கே யார் வீடு, வடக்கே எந்தச் சந்து என்று எழுது.

எல்லாம் எழுதின பிறகு வாசித்துக் காட்டு. இதை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். கன்னடத்தில் இருந்தாலும் இங்கிலீஷில் இருந்தாலும், கையெழுத்துப் போடுகிறவரின் பாஷையில், ஒவ்வொரு பத்தியாக. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "இந்தப் பத்தியில் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்" என்று கேள். தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது என்று கடைசியில் ஒரு வரி எழுதி, வாசித்தவர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். வாசிக்காமலேயே அந்த வரியை டைப் அடிக்கிற ஆபீஸ்களும் உண்டு. அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

இப்போது கம்ப்யூட்டரே எழுதித் தருகிறது என்பாய். தரட்டும். ஆனால் 2025இல் பெங்களூரு சிட்டி சிவில் கோர்ட் உத்தரவு ஒன்றில், இல்லாத தீர்ப்புகள் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளாக மேற்கோள் காட்டப்பட்டதைக் கர்நாடக ஹைகோர்ட் கண்டுபிடித்து நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. கோர்ட்டுக்கே அந்த நிலை என்றால் நீ எத்தனை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்! யார் எழுதித் தந்தாலும் மூலத்தைத் திறந்து பார்க்காமல் ஒரு வரியும் வெளியே போகக் கூடாது. நீ எழுதினதை ஒரு வக்கீல் படிக்காமல் யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

இனி, நீ யோசித்துக்கொண்டிருக்கும் வேலை விஷயம். வொயிட்ஃபீல்டு கம்பெனி, சிட்டி சிவில் கோர்ட் பக்கத்து வக்கீல் ஆபீஸ், இரண்டுமே நல்ல இடம்தான். நீ வளர்ந்த பெண், முடிவு உன்னுடையது. நான் தலையிட மாட்டேன். ஆனாலும் யோசித்துப் பார். வொயிட்ஃபீல்டுக்கு ஊரின் அந்தக் கோடிவரை போக வேண்டும். ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் மெஜஸ்டிக், அங்கிருந்து கோர்ட் கிட்டத்தான். கம்பெனியில் அமெரிக்க ஒப்பந்தங்களில் ஒரே மாதிரி ஷரத்தைத் தேடித் தேடி அடையாளம் போடுவாய், அது யார் வாழ்க்கையைத் தொடுகிறது என்று தெரியவே தெரியாது. வக்கீல் ஆபீஸில் காலையில் டிராஃப்ட், மத்தியானம் ஃபைலிங், சாயங்காலம் எதிரே கட்சிக்காரர். அங்கே மூன்று வருஷம் பழகினவளைக் கம்பெனிக்காரர்கள் தேடி வருவார்கள். கம்பெனியிலிருந்து கோர்ட்டுக்கு வருவது அத்தனை சுலபமில்லை. சம்பளம் குறைவு என்று அம்மா கவலைப்படுவாள், அவளிடம் நான் பேசுகிறேன். வக்கீலிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை வரச் சொன்னார். போய்ப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஒழிந்த நேரத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகவும் சேரலாம். 2009இல் தேசிய ஆணைக்குழு கொண்டுவந்த திட்டம். எச்.சித்தையா ரோட்டில் நியாய தேகுலாவில் விசாரி. தமிழும் கன்னடமும் தெரிந்த பிள்ளைகள் அங்கே நிறைய வேண்டும்.

கீழ்வீட்டு அக்காவின் பத்திரத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம். மூலம், ஈ.சி., எல்லைகள் மூன்றும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு. வக்கீலும் பார்க்கட்டும். பிறகு சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ்.

நிறையச் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே கண்ணு. உன் வயதில் அக்கம்பக்கத்தாருக்காக ராத்திரி கண் விழித்துப் பத்திரம் எழுதி, ஒரு பைசா வாங்காமல் கொடுக்கிற பிள்ளை நம் சொந்தத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அந்த மனசு இருந்தால் மற்றது தானாக வரும். தாத்தா இருந்திருந்தால் உன்னைக் காட்டித் தெருவெல்லாம் சொல்லியிருப்பார். வொயிட்ஃபீல்டுக்கே போனாலும் எனக்குச் சந்தோஷம்தான், முதல் மாத மெட்ரோ செலவு பெரியப்பாவுடையது. மோகா புத்தகத்துக்கும் ஒரு நல்ல செருப்புக்கும் அப்பா அக்கவுன்ட்டில் பணம் போட்டிருக்கிறேன். பெரியம்மா உனக்கென்று ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் மாப்பிள்ளை கொண்டுவருவார். தம்பிக்கும் கொடு. வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி அதிகம் கண் விழிக்காதே.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
பெரியப்பா