துணியின் நிறமும் காமிராவின் கணக்கும்

துணியை நேரில் காணாது படத்தைக் கண்டே வாங்குவோர் இன்று பலராயினர். ஆகவே, படத்தில் தோன்றும் நிறம் சங்கம் கொடுக்கும் வாக்கைப் போன்றது. அது பொய்த்தால் சரக்கு திரும்பி வருகிறது. தபால் செலவு இருமுறை சங்கத்தின் மேல் விழுகிறது. நெய்தவரின் நாணயமும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. ‘நிறம் வேறு’ என்னும் குறிப்புடன் திரும்பிய சேலைகளைத் தணிக்கையின்போது நாம் கண்டதுண்டு. சாயத்தில் குற்றமில்லை, படத்தில்தான் குற்றம்.

டிஜிட்டல் காமிராவைத் தானியங்கி நிலையில் விட்டால், எதிரே உள்ள பொருள் வெண்மையோ கருமையோ அது அறியாது. எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கொண்டு ஒளியை அளக்கிறது. அதனால் வெள்ளை வேட்டி அழுக்கேறியதுபோல் மங்குகிறது. கருநீலப் பட்டு வெளிறுகிறது. மயிலை மாட வீதியில் மல்லிகைக் குவியலைப் படமெடுப்போர்க்கும் இதே கதிதான். புதிய காமிராக்கள் சற்றுச் சாமர்த்தியமாகக் கணித்தாலும், ஒரே நிறத் துணி படம் முழுவதையும் நிறைக்கும்போது ஏமாந்துவிடுகின்றன.

இதற்குப் பரிகாரம் எளிது. மேலுள்ள சக்கரத்தைத் தானியங்கியிலிருந்து ‘பி’ என்னும் எழுத்துக்குத் திருப்பி, கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தானை நாட வேண்டும். வெள்ளைத் துணிக்கு +1, கருந்துணிக்கு −1 வைத்துத் தொடங்கலாம். +1 என்றால் ஒளி இருமடங்கு. −1 என்றால் பாதி.

நிறத்தின் சங்கதி வேறு. தியாகராய நகர்ப் பட்டுக் கடைகளில் சேலை தேர்ந்தெடுக்கும் மாதர், அதை வாசலுக்குக் கொண்டுவந்து பகலொளியில் பார்ப்பதைக் காணலாம். விளக்கொளி நிறத்தை மாற்றும் என்பதை அவர்கள் நன்கறிவர். காமிராவும் அம்மாற்றத்தைத் தானே திருத்த முயல்கிறது. இதற்கு ‘வைட் பாலன்ஸ்’ என்று பெயர். ஆனால் மஞ்சள் பட்டு படத்தை நிறைத்தால், அதை விளக்கின் மஞ்சளென்று கருதிக் குறைத்துவிடும்! எனவே பகலில், விளக்குகளை அணைத்துவிட்டு, வைட் பாலன்ஸை நிழலுக்குரிய குறியில் நிறுத்துக. அதனினும் மேலானது, அவ்விடத்திலேயே ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி அளவு பதிவு செய்துகொள்வது.

ஒரே நாளில் இருபது சேலைகளை எடுக்க வேண்டுமானால் ‘எம்’ என்னும் நிலையே உசிதம். காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, துளை எப் 8 என வைத்து, ஷட்டர் வேகத்தை 1/30 விநாடியில் தொடங்கி, படம் சரியாகும்வரை கூட்டியோ குறைத்தோ பார்க்கவும். பின் எதையும் மாற்றலாகாது. நடுவே மேகம் மறைத்தால் மட்டும் மீண்டும் அளக்க வேண்டும். 1857இல் சென்னையில் போட்டோகிராபிக் சொஸைட்டி தோன்றியபோது தானியங்கி ஏது? ஒளியைக் கண்ணாலும் அனுபவத்தாலும் கணித்தே எடுத்தார்கள்.

ஜரிகைக்கு ஒரு வார்த்தை. பிளாஷ் போட்டால் அது வெறும் வெண்புள்ளிகளாகிவிடும். திண்ணையிலோ ஜன்னலருகிலோ பக்கவாட்டு ஒளியில் எடுத்தால் இழை தெரியும். எடுத்த படத்தைச் சேலையின் அருகில் வைத்து, நெய்தவரையே பார்க்கச் சொல்லி, அவர் ஒப்பிய பின் விற்பனைக்கு அனுப்புக.