கூடு கட்டத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

கம்பளையில் பண்டிகை ஒன்று முடிய இன்னொன்று வரும். தைப்பொங்கல், தோட்டத்து மாரியம்மன் திருவிழா, சித்திரைப் புத்தாண்டு, வெசாக், பெருநாள், தீபாவளி, நத்தார். எந்த வீட்டுப் பண்டிகையானாலும் அதில் கடதாசிக்கு வேலை இருக்கிறது. பாடசாலையில் சித்திரம் கற்பித்த காலம் முழுவதும் பிள்ளைகளோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வந்து கேட்கும்போது சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். உள்ளே விளக்கு வைத்துத் தொங்கவிடும் வெசாக் கூட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்வேன். அதைக் கட்டப் பழகியவருக்கு மற்ற வேலைகள் எளிதில் பிடிபடும்.

1. கடதாசி வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். தொடங்குகிறவர் எல்லாரும் முதலில் நிறத்தைத்தான் தேடுகிறார்கள். சிவப்பும் மஞ்சளும் கைக்கு வந்துவிட்டால் சட்டம் கட்டப் பொறுமை இருப்பதில்லை. அவசரத்தில் கட்டிய சட்டம் கோணும். கோணிய சட்டத்தில் எவ்வளவு நல்ல கடதாசியை ஒட்டினாலும் சுருக்கம் விழும். சட்டத்தை மேசையில் வைத்து எல்லாப் பக்கமும் புரட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் வைத்தாலும் ஆடாமல் நின்றால், பிறகு கடதாசிக்குக் காசு எடுங்கள்.

2. மூங்கிலைத் தெரிந்து வெட்டுங்கள். மகாவலிக் கரையில் வாழ்கிற நமக்கு மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேராதனைப் பூங்காவில் ஆற்றோரம் நின்று நாம் அண்ணாந்து பார்க்கிற இராட்சத மூங்கில் இந்த வேலைக்குத் தேவையில்லை. கணுவுக்குக் கணு நீளம் கூடிய, முற்றிய சிறு மூங்கில் போதும். இளம் மூங்கில் காயும்போது சுருங்கிக் கட்டுத் தளர்ந்துவிடும். காணிக்காரரிடம் கேட்டுத்தான் வெட்ட வேண்டும். பிளக்கும்போது எப்போதும் சரிபாதியாகப் பிளந்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஓரத்தில் மெல்லியதாகச் சீவ முயன்றால் பிளவு ஒரு பக்கமாக ஓடி அறுந்துபோகும். உள்பக்கத்து மென்மையான பகுதியைச் சீவி எறிந்துவிட்டு, பச்சைத் தோல் பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பலம் அதில்தான் இருக்கிறது. சீவிய குச்சிகளைச் சில நாள் ஓடும் நீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தினால், உள்ளே இருக்கும் மாச்சத்துக் கரைந்து போய்விடும், பிறகு வண்டு துளைக்காது. உள்ளங்கை அளவு கூட்டுக்குத் தென்னை ஈர்க்கே போதும்.

3. அட்டபட்டம் என்ற கூட்டில் தொடங்குங்கள். தாமரைக் கூடு, நட்சத்திரக் கூடு, தானாகச் சுழலும் கூடு என்று வெசாக்கில் பலவற்றைப் பார்த்திருப்பீர்கள். அவை பிறகு வரட்டும். அட்டபட்டத்துக்கு வேண்டியது ஒரே நீளமான 24 குச்சிகள். ஒன்றை அளந்து வெட்டி, அதையே அளவாக வைத்து மற்ற 23ஐயும் வெட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் அடிமட்டம் வைத்தால் சிறு பிசகு சேர்ந்து பெரிதாகும். நான்கு நான்காகக் கட்டினால் ஆறு சதுரம் கிடைக்கும். சதுரம் சரியா என்று பார்க்க, மூலைக்கு மூலை நூல் பிடியுங்கள். இரண்டு நூலும் ஒரே நீளமாக இருந்தால் சரி.

இனி நான்கு சதுரங்களை மூலையில் நிற்கும்படி திருப்பி, பக்கத்து மூலைகளை ஒன்றோடொன்று கட்டி வட்டமாக்குங்கள். மேலே நான்கு முனை நிற்கும். அவற்றில் ஐந்தாவது சதுரத்தின் நான்கு மூலைகளையும் கட்டுங்கள். கீழே ஆறாவதை அப்படியே கட்டுங்கள். சதுரங்களுக்கு இடையில் மேலே நான்கும் கீழே நான்குமாக எட்டு முக்கோணங்கள் தாமாகவே உருவாகியிருக்கும். அவற்றுக்கென்று ஒரு குச்சிகூட நீங்கள் வெட்டவில்லை. பிள்ளைகள் இதை முதன்முதலாகப் பார்க்கும்போது முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்த வேலையைக் கற்பிக்கலாம். ஓர் அடிக் குச்சியில் கட்டினால் கூட்டின் உயரம் ஏறக்குறைய 17 அங்குலம் வரும்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சட்டம் கட்டி முடித்தவுடன் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். முக்கோணம் நெளியாது, சதுரம் நெளியும். ஆகவே ஆறு சதுரத்திலும் மூலைக்கு மூலை மெல்லிய நூலை இழுத்துக் கட்டிவிடுங்கள். மேல் சதுரத்தில் நூலோடு ஒரு குச்சியையும் குறுக்கே வையுங்கள். மின்குமிழைத் தொங்கவிட அது உதவும்.

கேத்திரகணிதம் கசக்கிறது என்று சொல்லும் பிள்ளையை இந்தக் கூட்டின் முன் உட்கார வையுங்கள். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரின் விடுதிப் பாடசாலையில் 1830களில் கணிதப் பாடத்துக்காகச் செய்த பல முனை நட்சத்திரம்தான், இன்று உலகெங்கும் நத்தாருக்குத் தொங்கவிடும் மொராவிய நட்சத்திரமாக ஆனது. அதுவும் சதுரமும் முக்கோணமும் சேர்ந்த ஓர் உருவத்தின் மேல் கட்டியதே.

4. பசையை வீட்டில் காய்ச்சுங்கள். ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மீதித் தண்ணீரைச் சேர்த்து, மெல்லிய நெருப்பில் கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல் வந்ததும் இறக்கிவிட வேண்டும். ஆறிய பிறகுதான் பாவிக்கலாம். ஒரு சிட்டிகை படிகாரம் சேர்த்தால் இரண்டு மூன்று நாள் கெடாது. பழைய புத்தகக் கட்டுநர்கள் பூச்சி வராமல் துருசு போடுவார்கள். துருசு நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அதைப் போடவே கூடாது. கடையில் விற்கும் பைண்டர் கம் தடிப்பானது. பிரிஸ்டல் போட் ஒட்டவும் முடிச்சுகளை இறுக்கவும் நல்லது, டிசுக் கடதாசியில் கறை விழுத்திவிடும்.

5. ஒட்டும்போது பசையைக் குச்சியில் பூசுங்கள், கடதாசியில் பூசாதீர்கள். கடதாசியைச் சட்டத்தை விட அரை அங்குலம் கூட்டி வெட்டி, குச்சியின் மேல் மடித்து ஒட்டினால் ஓரம் பிரியாது. இன்னொன்று நம் ஊருக்கே உரியது. கடதாசி ஈரத்தில் விரியும், காய்ந்தால் இறுகும். மத்தியான வெயிலில் இழுத்து ஒட்டிய கடதாசி இரவுப் பனியில் தொய்ந்துபோகும். காற்றில் ஈரம் இருக்கும் காலை நேரத்தில் ஒட்டினால் வெயில் ஏற ஏறத் தானாக இறுகி நிற்கும். மேல் சதுரத்தை மூடாமல் விடுங்கள்.

6. வெட்டுவதற்கு முன் மடியுங்கள். கத்தரிக்கோல் எல்லாரிடமும் இருக்கிறது, மடிப்பில்தான் கெட்டிக்காரத்தனம். ஒரு மடிப்பு மடித்துப் பாதி உருவம் வெட்டினால் முழு உருவம் கிடைக்கும். மூன்று மடிப்பில் எட்டு இதழ்ப் பூ கிடைக்கும். மாதிரி எங்கே தேடுவது என்று கேட்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே எம்பக்கே தேவாலயம் இருக்கிறது. கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தது, கதிர்காமக் கடவுளுக்கு எடுத்தது. அதன் மரத்தூண்களில் இருதலைப் பறவை செதுக்கியிருக்கிறது. நடுவில் ஒரு கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒன்றே; மடித்து வெட்டுவதற்கு அதைவிட நல்ல மாதிரி கிடையாது. பின்னிய கழுத்துள்ள இரு அன்னங்களும் அங்கே உண்டு. அவற்றை மடித்து வெட்ட முடியாது, வரைந்துதான் வெட்ட வேண்டும். ஆகவே அவற்றை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கம் போனால் கடலாதெனிய விகாரையையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1344இல் அதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி, தென்னிந்தியர். அங்குள்ள கல் வேலையில் நம் கோயில்களின் கொடிப் பின்னலும் பூவரிசையும் அப்படியே இருக்கின்றன. ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு போங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுப்பதை விட, நின்று வரைந்தால் கோடு கையில் தங்கும்.

7. பழைய கடதாசியை எறியாதீர்கள். 2022 மார்ச்சில் நாட்டில் கடதாசித் தட்டுப்பாடு வந்து, மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். சில பத்திரிகைகள் அச்சிடுவதை நிறுத்தின. வாழைச்சேனையில் வைக்கோலிலிருந்து கடதாசி செய்த நாட்டில் அப்படி ஒரு நாள் வந்தது எனக்கு மிகவும் வலித்தது. முடிந்த கொப்பி, பழைய நாட்காட்டி, சீமெந்துப் பையின் உள்தாள் எல்லாம் நமக்குப் பொருள். சீமெந்துப் பையை நன்றாக உதறித் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். முன்பு தேயிலைப் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளைத் தோட்டத்துத் தாய்மார் கசங்காமல் நீவி எடுத்து வைப்பார்கள். திருவிழாவுக்குக் கரகத்தைச் சுற்றி அது மின்னும். இப்போது தேயிலை கடதாசிப் பையில் போகிறது. அப்படி எடுத்து வைக்க வெள்ளித்தாள் கிடைப்பதில்லை. அந்தச் சிக்கனம் நம்மிடம் இருக்கட்டும்.

8. பொலித்தீன் வேண்டாம். மழைக்குத் தாங்கும், அடுத்த வருடமும் உதவும் என்பார்கள். பண்டிகை, கூட்டம், கொண்டாட்டம் எதற்கும் பொலித்தீன் அலங்காரம் கட்டக்கூடாது என்று 2017இல் வர்த்தமானியே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். கிழிந்த பொலித்தீன் கொடி கானில் விழுந்து, கான் அடைத்து, மழைக்கு நீர் வீட்டுக்குள் வரும். மிச்சம் மகாவலிக்குப் போகும். கிழிந்த கடதாசி மண்ணோடு மண்ணாகப் போகும்.

9. மழையோடு சண்டை பிடிக்காதீர்கள். வெசாக் வரும் மே மாதத்தில் பின்னேரம் இடி மழை வரும். கூட்டைக் கூரைத் தாழ்வாரத்துக்குள் தொங்கவிட்டு, மழை ஓய்ந்த பிறகு வெளியே மாற்றுங்கள். தொங்கும் கயிற்றில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு வைத்தால் இறக்க ஒரு நொடி போதும். நனைந்த டிசுவைத் தொடாமல் காயவிடுங்கள். தொட்டால் கிழியும், சாயம் வேறு இறங்கும்.

10. மெழுகுதிரி வைக்காதீர்கள். பழைய ஆட்கள் வைத்தார்கள் என்பது உண்மை. எரிந்துபோன கூடுகளும் உண்டு. மின்கலத்தில் எரியும் சிறு எல்.ஈ.டி. குமிழ் சூடு தராது, மலிவும்கூட. வீதி மின்கம்பியில் கொக்கி போட்டு ஒளி எடுப்பதை எந்தப் பிள்ளையும் செய்யக்கூடாது, செய்கிறவரோடு சேரவும் கூடாது.

11. யாருடைய பண்டிகையோ அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள். நம் தெருவில் மூன்று சனமும் இருக்கிறோம், நல்ல காலத்திலும் கெட்ட காலத்திலும் இருந்தோம். வெசாக்குக்குப் பௌத்தக் கொடியின் நிறத்தில் செய்ய விரும்பினால் அதன் ஒழுங்கைக் குழப்பாதீர்கள்: நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள். 1885 ஏப்ரல் 28ஆம் திகதி, வெசாக் மறுபடியும் அரச விடுமுறையான நாளில், முதன்முதலாக ஏற்றிய கொடி அது. பெருநாளுக்குப் பள்ளிவாசல் பக்கத்து வீட்டுக்குச் செய்தால் மனித உருவமும் மிருக உருவமும் வேண்டாம். பிறையும் எட்டு முனை நட்சத்திரமும் பின்னல் கோலமும் போதும், அழகுக்கு ஒரு குறையும் வராது. நத்தார் நட்சத்திரத்துக்கு ஒரே நீளமான பத்துக் குச்சி. ஐந்தைந்தாகப் பின்னி இரண்டு நட்சத்திரமாக்கி, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டி, உள்மூலைகள் ஐந்திலும் குட்டைக் குச்சி கொடுத்து இடையை விரித்தால் முடிந்தது. கோயில் திருவிழாவுக்கு முதலிடம் குருத்தோலைக்கும் மாவிலைக்கும்தான். கடதாசித் தோரணம் அவற்றுக்குத் துணையாக வீதியில் நிற்கட்டும். வெள்ளைக் கடதாசிக் கொடியை மட்டும் வரிசையாகத் தெருவில் கட்டிவிடாதீர்கள், மரண வீடு என்று நினைப்பார்கள். வெள்ளைக் கூடு வேறு. முழு வெள்ளையில் கட்டிய அட்டபட்டத்தை விட அழகான கூட்டை நான் கண்டதில்லை.

12. சின்னப் பிள்ளைகளுக்கு உண்மையான வேலையைக் கொடுங்கள். நான்கு வயதுப் பிள்ளை கூட்டின் வாலுக்குக் குஞ்சம் நறுக்கலாம்: டிசுவை நான்கு அங்குல அகலமாக வெட்டி, மடித்து, ஓர் ஓரத்தில் நெருக்கமாக வெட்டுப் போட்டு விரித்தால் குஞ்சம். வெட்டு ஒழுங்கில்லாமல் இருந்தாலும் அதையே தொங்கவிடுங்கள். அந்தப் பிள்ளை தூங்கிய பிறகு நீங்கள் அவிழ்த்து வேறு ஒட்டினால், காலையில் அது கண்டுபிடித்துவிடும்.

13. பண்டிகை முடிந்ததும் கூட்டைக் குப்பையில் போடாமல் கடதாசியை உரித்துவிட்டு, சட்டத்தைப் புகைபடும் அடுப்படிப் பரணில் தொங்கவிடுங்கள். அடுத்த வருடம் முடிச்சுகளை இறுக்கிவிட்டுக் கடதாசி ஒட்டினால் வேலை பாதி.

வெசாக் தூரத்தில் இருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே தென்னை ஈர்க்கில் நான்கு அங்குலத் துண்டு 24 வெட்டி, தையல் நூலால் ஒரு சிறிய அட்டபட்டம் கட்டிப் பாருங்கள். ஒட்டுவதற்குப் பழைய கொப்பித் தாள் போதும்.