ஆர்முடுக்கிகளின் படிமுறை

கீழ்வகுப்பிற் கற்கத் தவறியதை மேல்வகுப்பில் நிரப்புதல் அரிது என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். அணுவினும் நுண்ணிய துணிக்கைகளை மோதச் செய்து ஆராயும் பெரும் பொறிகளிலும் இவ்வுண்மை விளங்குகின்றது.

சுவிற்சர்லாந்து, பிரான்சு எல்லையில், ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையத்தின் மோதுவளையம் நிலத்தின்கீழ் 27 கிலோமீற்றர் சுற்றளவில் அமைந்துள்ளது. அதில் ஓடும் புரோத்தன்கள் 2022 இல் 6.8 இலட்சங் கோடி இலத்திரன்உவோற்றுச் சத்தியை எய்தின. அவை அவ்வளையத்தில் ஓய்விலிருந்து புறப்பட்டவையல்ல. நேர்கோட்டு ஆர்முடுக்கி 16 கோடி, ஊக்குவளையம் 200 கோடி, 1959 இல் இயங்கத் தொடங்கிய வளையம் 2,600 கோடி, 1976 இல் எழுந்த 7 கிலோமீற்றர் வளையம் 45,000 கோடி எனப் படிப்படியாகச் சத்தியூட்டிய பின்னரே பெருவளையம் அவற்றை ஏற்கின்றது.

இத்தனை படிகள் எதற்கு? காரணம் இரண்டு.

முதலாவது: புரோத்தன்கள் ஒரேவகை மின்னேற்றம் உடையனவாதலின் ஒன்றையொன்று தள்ளும். குறைந்த சத்தியில் இத்தள்ளல் மிகுந்து, கற்றை பருத்துச் சிதறும். அங்கே கலைந்த செறிவை மேற்படிகள் மீட்டுத் தாரா. அதனாலேயே 2020 இல் முதற்படியின் சத்தி 5 கோடியிலிருந்து 16 கோடியாக உயர்த்தப்பட்டது.

இரண்டாவது: சத்தி உயருந்தோறும் கற்றையை வளைக்குங் காந்தப்புலமும் உயரல் வேண்டும். உச்சப் புலத்துக்கென அமைந்த மீகடத்திக் காந்தங்களில், மிகத் தாழ்ந்த நிலையிற் புலப்பிழைகள் மிகும். இன்றைய பெருவளையம் ஏற்குஞ் சத்திக்கும் எய்துஞ் சத்திக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1 இற்கு 15 ஆகும்.

இனி வருவதை நோக்குவோம். 2025 இல் வெளிவந்த சாத்தியவாய்வு, ஏறத்தாழ 91 கிலோமீற்றர் வளையமொன்றில் முதலில் இலத்திரன்களையும் பொசித்திரன்களையும், பின்னர் புரோத்தன்களையும் மோதவிடக் கருதுகின்றது. புரோத்தன்களை 50 இலட்சங் கோடிக்கு உயர்த்த எண்ணிய 2019 ஆம் ஆண்டு வரைவு, அவற்றை ஊட்டுதற்கு இரு வழிகளை ஆராய்ந்தது. ஒன்று, 27 கிலோமீற்றர் வளையத்தையே 3.3 இலட்சங் கோடி தரும் ஊட்டுபொறியாக்குதல். விகிதம் 15 ஆகவே நிற்கும். மற்றது, 7 கிலோமீற்றர்ச் சுரங்கத்தில் 1.3 இலட்சங் கோடி தரும் மீகடத்தி வளையமொன்றைப் புதிதாக அமைத்தல். விகிதம் 38 ஆக விரியும். முன்னதிற் பழம்பொறியைப் பேணும் பாரம் நீங்காது. பின்னதிற் புதிய காந்தங்களுக்குச் சோதனை கடிது.

1959 இன் வளையத்தை அமைத்தோர், ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 2008 இல், தம் பொறி பெருவளையத்துக்கு ஊட்டுமென எண்ணியிரார். எனினும் அது ஊட்டியது. கீழ்ப்படியைச் செவ்வையாக அமைத்தலே மேற்படிக்குச் செய்யும் முதற்பணியாகும்.